சொல்வதா, மறைப்பதா?

மனிதன் நோய்க்கு அஞ்சுவது இயற்கை. ஆனால் நோயின் பெயருக்கு அவன் கொள்ளும் அச்சம் சில வேளைகளில் நோயினும் பெரிதாகிவிடுகிறது. நம் இல்லங்களில் இன்றும் புற்றுநோயைப் பெயர் சொல்லி அழைப்போர் குறைவு. 'அந்த நோய்' என்பார்கள்; 'பொல்லாத வியாதி' என்பார்கள்; அதையும் குரலைத் தாழ்த்தியே சொல்வார்கள். புற்று என்னும் சொல்லே நமக்குப் பாம்பை நினைவூட்டுவது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத மண்மேடு அது. அதில் கைவிட எவரும் துணிவதில்லை.

முதுமையை எட்டிய ஒருவர்மீது இச்சொல் விழும்போதே குடும்பம் நிலைகுலைகிறது. அதுவே பதினைந்து வயதுச் சிறுமியின்மீது, கல்லூரி வாயிலை மிதித்த இளைஞனின்மீது விழுமாயின் என்ன ஆகும்? பெற்றோரின் முதல் எண்ணம், 'பிள்ளைக்குத் தெரியக் கூடாது' என்பது. அதனுடனே தோன்றும் இரண்டாம் எண்ணம், 'ஊருக்குத் தெரியக் கூடாது' என்பது. இவ்விரண்டும் அன்பிலிருந்தே பிறக்கின்றன என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த அன்பு சரியான வழியிலே செல்கின்றதா என்பதே நம்முன் உள்ள வினா. இவ்வினாவை ஆராய, தைராய்டு சுரப்பியில் இளையோருக்கு உண்டாகும் புற்றுநோயை நாம் எடுத்துக்கொள்கிறோம். பெயர் விளைவிக்கும் அச்சத்துக்கும், நோய் விளைவிக்கும் முடிவுக்கும் இடையே இத்துணைப் பெரிய இடைவெளி உள்ள வேறொரு புற்றுநோயைக் காண்பது அரிது.

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவியவாறு வண்ணத்துப் பூச்சியின் வடிவில் அமைந்த சிறு சுரப்பி. வளர்ந்தவர்களிடம் அதன் எடை ஏறத்தாழ 20 கிராம் மட்டுமே. உணவிலும் நீரிலும் உள்ள அயோடினைத் தன்பால் இழுத்து, உடலின் வளர்ச்சியையும் வெப்பத்தையும் சுறுசுறுப்பையும் ஆளுகின்ற சுரப்புநீரை அஃது உண்டாக்குகிறது. இச்சுரப்பியில் தோன்றும் கட்டிகளுள் பெரும்பாலானவை தீங்கற்றவை. சிறாரிடம் தோன்றும் கட்டிகளில் நான்கில் அல்லது ஐந்தில் ஒன்றே புற்றாக இருக்கும். அந்தப் புற்றும் பெரும்பாலும் 'பாப்பில்லரி' எனப்படும் ஒரே வகையைச் சேர்ந்தது. பருவம் எய்திய பின்னர் ஆண்களைவிடப் பெண்களையே இது பன்மடங்கு மிகுதியாகப் பற்றுகிறது. பெரும்பாலும் வலி இராது. தலை வாரும்போதோ, சட்டைப் பொத்தானைப் போடும்போதோ கையில் தட்டுப்படும் ஒரு சிறு உருண்டைதான் அறிகுறி.

இந்நோயின் போக்கில் ஒரு விந்தையுண்டு. பெரியவர்களைவிட இளையோரிடமே இது அதிகமாகப் பரவிய நிலையில் கண்டுபிடிக்கப்படுகிறது. சிறாருள் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் கழுத்திலுள்ள நிணநீர் முடிச்சுகளில் அது பரவியிருக்கும். சிலருக்கு நுரையீரல் வரையிலும் சென்றிருக்கும். வேறு புற்றுநோய்களில் இப்படியொரு செய்தி வருமாயின் மருத்துவரின் முகமே வாடும். இங்கோ, முறையான சிகிச்சை பெற்ற இளையோருள் நூற்றுக்கு 95 பேருக்கும் அதிகமானோர் பத்தாண்டுகள் கடந்தும், அதற்கு அப்பாலும் வாழ்கிறார்கள். நோய் திரும்பி வருவது இளையோரிடம் சற்று மிகுதிதான். ஆயினும் திரும்பி வந்த பின்னரும் பெரும்பாலோர் பிழைத்துக்கொள்கிறார்கள்.

இதை மருத்துவ உலகம் தன் கணக்கிலேயே எழுதி வைத்திருக்கிறது. புற்றுநோய்களை நான்கு நிலைகளாகப் பிரிப்பது வழக்கம்; நான்காம் நிலை என்றாலே நம்பிக்கை குன்றும். 2018 முதல் நடப்பிலுள்ள பகுப்பு முறையின்படி, பாப்பில்லரி வகையும் அதையொத்த வகையும் 55 வயதுக்குட்பட்ட ஒருவரிடம் கழுத்து முடிச்சுகளில் பரவியிருப்பினும் அது முதல் நிலையே. நுரையீரலுக்கே சென்றிருந்தாலும் இரண்டாம் நிலைக்கு மேல் செல்வதில்லை. மூன்றாம் நிலையும் நான்காம் நிலையும் அவ்வயதினருக்குக் கிடையவே கிடையா. வயது இவ்வாறு நோயின் நிலையையே தீர்மானிப்பது மிக அரிதான செய்தியாகும்.

இவ்வாறு ஆவதற்குக் காரணம் என்ன? இளையோரின் புற்றணுக்கள் பெரும்பாலும் தம் பிறவிக் குணத்தை முற்றும் இழப்பதில்லை. தாய்ச் சுரப்பியைப் போலவே அவையும் அயோடினை விழுங்குகின்றன. அந்தப் பழக்கத்தையே மருத்துவம் ஆயுதமாக்கிக்கொண்டது. முதலில் அறுவை சிகிச்சையால் சுரப்பியை அகற்றுவார்கள். பின்னர்த் தேவைப்படுவோருக்குக் கதிரியக்க அயோடினைக் குடிக்கவோ மாத்திரையாக விழுங்கவோ கொடுப்பார்கள். எஞ்சிய புற்றணுக்கள் நுரையீரலில் ஒளிந்திருந்தாலும் அந்த அயோடினைத் தாமே தேடி உண்டு மடிகின்றன. உடலெங்கும் பரவிய தைராய்டு புற்றை இம்முறையால் அடக்க இயலும் என்பது 1946-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மருத்துவர்களால் வெளியிடப்பட்டது.

சுரப்பியை இழந்த உடல் எவ்வாறு வாழும்? சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் தியோடர் கோக்கர், சுரப்பியை முழுவதும் அகற்றப்பெற்ற சிறுவர்கள் வளர்ச்சி குன்றி, அறிவு மந்தித்துப் போவதைக் கண்டு 1883-இல் உலகுக்கு அறிவித்தார். அந்தக் குறையை நீக்கும் வழி பின்னரே பிறந்தது. 1914-இல் எட்வர்ட் கெண்டால் என்பார் அச்சுரப்புநீரின் சாரத்தைப் பிரித்தெடுத்தார். இன்று அதே சாரம் சிறு மாத்திரையாகக் கடையில் கிடைக்கிறது. நாள்தோறும் ஒரு மாத்திரை, ஆயுள் முழுவதும். இளையோர் நெடுநாள் நலமாக வாழ்வது அந்த மாத்திரையைத் தவறாமல் உண்பதையும் பொறுத்தது. இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். நாம் பின்னர்ச் சொல்லப்போவதற்கு இதுவே அடிப்படை.

மறைப்பதன் விளைவையும், அறிந்து செயற்படுவதன் பயனையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சி ஒன்று இந்நோயின் வரலாற்றிலேயே உண்டு. அஃது உக்ரைன் நாட்டில், அன்றைய சோவியத் ஒன்றியத்தில், செர்னோபில் என்னுமிடத்தில் நிகழ்ந்தது.

1986 ஏப்ரல் 26 அன்று பின்னிரவில் அங்கிருந்த அணு உலை வெடித்தது. காற்றோடு கலந்த நச்சுப் பொருள்களுள் கதிரியக்க அயோடினும் ஒன்று. அது புல்லில் படிந்தது. புல்லை மேய்ந்த பசுவின் பாலில் கலந்தது. பாலைக் குடித்த குழந்தையின் தைராய்டு சுரப்பியில் போய்ச் சேர்ந்தது. அந்த அயோடினின் வீரியம் எட்டு நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் இயல்புடையது. ஆகவே சில வாரங்களுக்குக் கறந்த பாலைக் கொடுக்காதிருந்தாலே பெருந்தீங்கு விலகியிருக்கும். ஆனால் மக்கள் பீதியடைவார்கள் என்று ஆட்சியாளர்கள் வாய் திறக்கவில்லை. ஏப்ரல் 28 இரவுதான் மாஸ்கோவிலிருந்து சில வரிகளில் ஓர் அறிவிப்பு வந்தது. மே முதல் நாள் கீவ் நகரில் ஊர்வலம் வழக்கம்போல் நடந்தது. பிள்ளைகளும் அதில் நடந்தனர். கிராமங்களிலே தாய்மார்கள் தம் கையாலேயே பாலைக் காய்ச்சிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தனர். பாலைக் காய்ச்சுவதால் கதிரியக்கம் போவதில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அண்டை நாடான போலந்தோ சில நாட்களுக்குள் ஒரு கோடிக்கும் அதிகமான சிறாருக்குத் தீங்கற்ற அயோடினைக் கொடுத்து, அவர்களுடைய சுரப்பியில் நச்சு அயோடின் புக இடமில்லாதபடி செய்தது.

நான்கைந்து ஆண்டுகளில் பெலாரஸ் நாட்டுச் சிறாரிடம் தைராய்டு புற்று வழக்கத்துக்கு மாறாகப் பெருகியது. 1992-இல் அந்நாட்டு மருத்துவர்கள் அதை அறிவியல் இதழ் வாயிலாக உலகுக்குத் தெரிவித்தனர். விபத்தின்போது 18 வயதுக்குட்பட்டிருந்தோரிடம் பெலாரஸிலும் உக்ரைனிலும், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளிலும் 2005 வரை 6,000-க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுகள் கண்டறியப்பட்டன என்பது ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு தந்த கணக்கு. அவற்றுள் பெரும் பகுதி அந்தப் பாலின் விளைவே. அத்தனை பேருள் அந்த ஆண்டு வரை இறந்தவர்கள் 15 பேர்.

இந்த இரண்டு எண்களையும் நாம் சேர்த்தே பார்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நோயுற்றமைக்குப் பீதியைத் தவிர்க்கவென்று காத்த மௌனமும் ஒரு காரணம். அவர்களுள் ஏறத்தாழ அனைவரும் உயிர் தப்பியமைக்கு, நோயைக் கண்டு பெயர் சொல்லி மருந்து கொடுத்ததே காரணம். அறுவையின் தழும்பு அப்பிள்ளைகளின் கழுத்தில் மாலைபோல் படிந்திருந்தது. அதை மக்கள் 'செர்னோபில் கழுத்தணி' என்றே அழைத்தனர். அந்தக் கழுத்தணியோடு அவர்கள் வளர்ந்தார்கள். பலர் மணம் புரிந்து மக்களையும் பெற்றார்கள்.

அரசின் மௌனமும் வீட்டின் மௌனமும் ஒன்றாகுமா என்று சிலர் கேட்கலாம். ஆகா என்பதை ஒப்புகிறோம். அரசு தன் பெயரைக் காத்தது. பெற்றோர் தம் பிள்ளையைக் காக்க நினைக்கின்றனர். ஆனால் இருவரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: 'தெரிந்தால் பயந்துவிடுவார்கள்.' இக்காரணத்தை மருத்துவர்களும் நெடுங்காலம் சொல்லி வந்திருக்கிறார்கள். 1961-இல் அமெரிக்காவில் சிகாகோ நகர மருத்துவமனையொன்றின் மருத்துவர்களைக் கேட்டபோது, நூற்றுக்கு 90 பேர் புற்றுநோயாளியிடம் நோயின் பெயரைச் சொல்வதில்லை என்றே விடையளித்தனர். 1979-இல் அந்நாட்டின் வேறொரு மருத்துவமனையில் அதே வினாவைக் கேட்டபோது நூற்றுக்கு 97 பேர் சொல்லிவிடுவதே தம் வழக்கம் என்றனர். பதினெட்டே ஆண்டுகளில் இம்மாற்றம் வருவதற்குச் சிகிச்சைகள் முன்னேறியதும் ஒரு காரணம். செய்ய ஒன்றுமில்லாத காலத்தில் மௌனம் இரக்கமாகத் தோன்றியது. செய்வதற்கு நிரம்ப உள்ள காலத்தில் அதே மௌனம் இடையூறாயிற்று.

திருவள்ளுவரே வாய்மையைப் பற்றிச் சொல்லும்போது, குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றாரே எனக் கேட்போர் உண்டு. உண்மைதான். ஆனால் அவர் வைத்த நிபந்தனையை நாம் விட்டுவிடலாகாது. விளையும் நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும். அந்த நிபந்தனைக்கு இந்த மறைப்பு ஈடு கொடுக்கின்றதா என்று பார்ப்போம்.

பதினாறு வயதுப் பெண்ணொருத்தி அறுவை சிகிச்சை பெற்றாள் என்று வைத்துக்கொள்வோம். 'கழுத்தில் கொழுப்புக் கட்டி, எடுத்தாயிற்று' என்று அவளிடம் சொல்லப்பட்டது. நாள்தோறும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. எதற்கென்று கேட்டால் 'சத்து மாத்திரை' என்பது விடை. சத்து மாத்திரையை எந்தப் பெண் ஆயுள் முழுவதும் உண்பாள்? தேர்வுக் காலத்தில் மறப்பாள். விருந்துக்குப் போன ஊரில் விடுவாள். நோன்பு மாதம் வந்தால், மாத்திரையின் நேரத்தை இரவுக்கோ ஸஹர் உணவுக்கு முன்னரோ மாற்றிக்கொள்வது பற்றி மருத்துவரைக் கேட்க வேண்டும் என்பதே அவளுக்குத் தோன்றாது. முப்பது நாளும் விட்டுவிடுவாள். கதிரியக்க அயோடின் கொடுத்த பின்னர்ச் சில நாட்கள் அவளைத் தனி அறையில் வைப்பார்கள். தம்பி தங்கையரை அருகே விடமாட்டார்கள். காரணம் அறியாத பெண் தன்னை எல்லோரும் ஒதுக்கிவிட்டதாகவே எண்ணி அழுவாள். பின்னர் அவள் மணமாகிக் கருவுற்றால் மாத்திரையின் அளவைக் கூட்டவேண்டி வரும். கூட்டாவிடில் கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சிக்கே ஊறு நேரலாம். கதிரியக்க அயோடின் உட்கொண்டபின் குறைந்தது ஆறு மாதமேனும் கருத்தரிக்கலாகாது. இருபது ஆண்டுகள் கழித்து நோய் மீண்டும் தலைகாட்டினால் அதை முதலில் உணரவேண்டியவளும் அவளே. அன்றைக்கு உம்மாவும் வாப்பாவும் அருகில் இருப்பார்களா? பிள்ளையின் ஆயுள் நீண்டது. பெற்றோரின் ஆயுள் அதற்கு முன்னரே முடிவது. பெற்றோரோடு மண்ணுக்குள் போய்விடும் இரகசியத்தில் பிள்ளையின் உயிரை வைத்திருப்பது நன்மையாகுமா?

இன்னொன்றையும் கருத வேண்டும். தைராய்டு புற்றில் 'மெடுல்லரி' என்றொரு வகையுண்டு. அது அரியது, பாப்பில்லரி வகையைவிடக் கடுமையானது, கதிரியக்க அயோடினுக்கு அடங்காதது. சில குடும்பங்களில் வழிவழியாக வருவது. அதற்குக் காரணமான மரபணுக் கோளாறு 1993-இல் கண்டறியப்பட்டது. இரத்தத்தைச் சோதித்து அக்கோளாறு உள்ள பிள்ளைகளை அறிந்தால், புற்று தோன்றுமுன்பே சுரப்பியை அகற்றி அவர்களைக் காக்கலாம். இவ்வகை நோயை ஒரு வீட்டில் மறைத்தால், அந்த மறைப்பு சின்னாப்பாவின் பிள்ளைகளுக்கும் மாமியின் பிள்ளைகளுக்கும் செய்யும் அநீதியாகும். நோய் ஒருவருடையதாயினும் அதைப் பற்றிய அறிவு சில வேளைகளில் அவருக்கு மட்டும் உரியதன்று.

இவ்வளவும் சொன்னபின், பெயரைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்ததென்று நாம் கூறுவதாக எவரும் கருதலாகாது. விளைவைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொல்வதும் பாதிப் பொய்யே. பிழைத்து வாழப்போகும் பிள்ளையிடம் 'உனக்குப் புற்று' என்று மட்டும் சொல்லி நிறுத்துபவர், சொல்லளவில் உண்மை பேசினார். பொருளளவில் பொய் சொன்னார். அவர் சொன்னதைக் கேட்டுப் பிள்ளை மனத்தில் எழுதிக்கொண்டது மரணம் என்னும் சொல்லை அன்றோ?

பெயரின் அச்சத்தால் மனிதர் தமக்குத் தாமே செய்துகொள்ளும் தீங்குக்குத் தென்கொரியா சான்று. அந்நாட்டில் நலமாயிருந்தோரும் தம் கழுத்தை நுண்கருவியால் சோதித்துப் பார்க்கும் வழக்கம் பரவியது. 2011-இல் தைராய்டு புற்று கண்டறியப்பட்ட விகிதம் 1993-இல் இருந்ததைப்போல் 15 மடங்காயிற்று. ஆனால் அந்நோயால் இறப்போரின் விகிதமோ மாறவேயில்லை. ஆயுள் முழுதும் அசையாது கிடந்திருக்கக்கூடிய சிறு புற்றுகளையே அவர்கள் தோண்டியெடுத்தனர். அறுவைக்கு உட்பட்டோருள் நூற்றுக்கு 11 பேர் சுண்ணாம்புச் சத்தை ஆளும் சிறு சுரப்பிகளின் செயலை இழந்தனர்; நூற்றுக்கு 2 பேருக்குக் குரல் நரம்பு பழுதாயிற்று. ஜப்பானில் 2011-இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பின்னர் ஏறத்தாழ 3 லட்சம் சிறாரை இவ்வாறே சோதித்தபோது, முதற்சுற்றிலேயே நூற்றுக்கும் மேற்பட்டோரிடம் புற்று என்றோ புற்றென ஐயுறத்தக்கது என்றோ கூறப்பட்டது. இவ்வெண்ணிக்கைக்குக் கதிர்வீச்சைவிட நுண்ணிய சோதனையே காரணம் என்று ஐக்கிய நாடுகளின் அறிவியற் குழு 2021-இல் முடிவு கூறியது. அணு விபத்து நேர்ந்தாலும் ஊர் முழுவதையும் இப்படிச் சோதிக்க வேண்டாம் என உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தின் வல்லுநர்கள் 2018-இல் அறிவுறுத்தினர்.

சொல்லின் கனத்தை வல்லுநர்களே உணர்ந்தமைக்கு மற்றொரு சான்றும் உண்டு. தன் உறைக்குள்ளேயே அடங்கியிருந்து, எவரையும் கொல்லாத ஒருவகைத் தைராய்டு கட்டியைப் பன்னாட்டு வல்லுநர்கள் 2016-இல் ஆராய்ந்து, அதன் பெயரிலிருந்து புற்று என்னும் சொல்லையே நீக்கிவிட்டனர். கட்டி மாறவில்லை, பெயரே மாறியது. ஆயினும் அத்தகைய கட்டியுள்ளோர் பலர் தேவையற்ற சிகிச்சையினின்றும் தேவையற்ற கண்ணீரினின்றும் விடுபட்டனர்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. சிலர், 'இது நல்ல புற்றுநோய். வந்தாலும் இதுவே வரவேண்டும்' என்று ஆறுதல் கூறுகின்றனர். அவர்கள் எண்ணம் நல்லதே. ஆனால் கழுத்தில் தழும்போடும், மாறிப்போன குரலோடும், ஆண்டுதோறும் சோதனை முடிவுக்குக் காத்திருக்கும் கலக்கத்தோடும் வாழும் இளம்பெண்ணுக்கு அச்சொல் ஆறுதலாகாது. தான் வருந்துவதற்கும் உரிமையில்லையோ என்றே அவள் எண்ணுவாள். ஆகவே உண்மை என்பது பெயர், அளவு, துன்பம், நம்பிக்கை ஆகிய நான்கும் சேர்ந்தது. இவற்றுள் ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது பொய்யின் பக்கம் சாய்ந்துவிடும்.

இனி, நம் குடும்பங்களை மிகவும் வருத்தும் இடத்துக்கு வருவோம். நோய் தீர்ந்த பெண்ணுக்கு வரன் வருகிறது. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்வதா, மறைப்பதா? சொன்னால் வரன் போய்விடும் என்ற அச்சம் வெறும் கற்பனையன்று. அவ்வாறு போவதை நாம் காண்கிறோம். ஆயினும் மறைத்து முடித்த நிக்காஹ்வில் அந்தப் பெண்ணின் நிலையை எண்ணிப் பாருங்கள். கணவனின் கண்ணுக்குத் தெரியாமல் மாத்திரையை ஒளித்து வைக்க வேண்டும். கழுத்துத் தழும்புக்கு ஒரு கதை கட்ட வேண்டும். கருவுற்றபோது மருத்துவர் கேட்கும் கேள்விக்கு மாமியார் முன்னிலையில் விடையளிக்க முடியாமல் விழிக்க வேண்டும். நோயைவிட அந்த வாழ்வே அவளுக்குச் சிறையாகும். என்றோ ஒருநாள் வெளிப்படும்போது குற்றவாளியாகவும் அவளே நிற்பாள். ஆகவே சொல்லத்தான் வேண்டும் என்பதே நம் துணிபு. ஆனால் முழுவதையும் சொல்ல வேண்டும். நோயின் பெயரோடு சிகிச்சை முடிந்த கதையையும், மணவாழ்வுக்கும் மகப்பேற்றுக்கும் பெரும்பாலும் தடையில்லை என்பதையும், மருத்துவரின் வாய்மொழியாகவே அவர்கள் கேட்கும்படி செய்ய வேண்டும்.

கேட்கும் வீட்டாருக்கும் கடமையுண்டு. பெண் வீட்டார் உண்மையைச் சொல்லவில்லையே என்று குறைகூறும் சமுதாயம், உண்மையைச் சொன்னவர்களை எவ்வாறு நடத்தியது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டார் மனந்திறந்து சொன்னதை மறுநாளே ஊர் முழுதும் பரப்புவோர் அடுத்த பத்து வீட்டாரைப் பொய்யர்களாக்குகிறார்கள்.

இறுதியாக, எவ்வாறு சொல்வது? சின்னஞ்சிறு பிள்ளைக்குக் கழுத்தில் ஒரு கெட்ட கட்டி, அதை எடுத்துவிட்டு மருந்து கொடுப்பார்கள் என்பதே போதும். வளர்ந்த பிள்ளைக்குப் பெயரைச் சொல்லலாம்; அப்பெயரை முதன்முதலாகப் பக்கத்து வீட்டாரிடமிருந்தோ பள்ளித் தோழியிடமிருந்தோ அவள் கேட்க விடலாகாது. பெற்றோர் தாமே மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்து, தம் கண்ணீரை அடக்கிக்கொண்ட பின்னர், அருகில் அமர்ந்து சொல்ல வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதில்லை. பிள்ளை கேட்கக் கேட்கச் சொல்லலாம். ஆனால் கேட்டதற்குப் பொய் சொல்லலாகாது. 'உம்மா, நான் செத்துப் போய்விடுவேனா?' என்று பிள்ளை கேட்குமாயின், பாப்பில்லரி வகையுற்ற பெரும்பாலான இளையோரைப் பொறுத்தவரை அந்த வினாவுக்கு உண்மையான விடையே ஆறுதலான விடையாகவும் இருக்கின்றது. உண்மையும் ஆறுதலும் ஒரே சொல்லாக அமையும் வாய்ப்பு எல்லா நோயிலும் கிட்டுவதில்லை. கிட்டிய இடத்திலும் நாம் வாய்மூடி இருந்துவிட்டால், பிள்ளை அந்த வினாவை இருட்டிலே தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும். அங்கே அதற்கு விடை சொல்ல எவரும் இருக்கமாட்டார்கள்.